கேளாமலே வந்தது

விடுதியில் உண்ணும் நம்மில் எத்தனை பேர், குழம்பு எந்த எண்ணெயில் தாளிக்கப்பட்டது என்று கேட்கிறோம்? சமையற்காரர் தேர்ந்ததை நம்பி உண்கிறோம். கணிப்பொறியிலும் இத்தகைய நம்பிக்கை உண்டு. பயனர் ஒன்றும் சொல்லாதபோது தானே வந்து அமைவதை இயல்பிருப்பு என்பர். அதன் பொருளை நான் 2017-இல்தான் உணர்ந்தேன்.

அப்போது நம் சங்க நூலகத்தின் நூற்பட்டியல் என் பொறுப்பில் இருந்தது. டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கல் இயங்கிய பழைய கணிப்பொறியில், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் அது இருந்தது. அவ்வாண்டு ஜூன் திங்களில் டெபியனின் ஒன்பதாம் பதிப்பு வெளிவந்தது. உடனே மாறத் துணிந்தேன்.

"தம்பி, பட்டியலுக்குப் படி எடுத்து வைத்தாயா?" என்று கேட்டார் மூத்த மாணவர் ஒருவர்.

"எதற்கு அண்ணா? எல்லாம் தானாகவே மாறிவிடும்" என்றேன்.

"முதலில் வெளியீட்டுக் குறிப்பைப் படி" என்றார்.

படித்தேன். திகைத்தேன். மைஎஸ்கியூஎல் இருந்த இடத்திற்கு மரியாடிபி வரப்போகிறது. மாறியபின் பழைய தரவுத்தளத்தால் அக்கோப்புகளைப் படிக்க இயலாது! அன்றிரவே படி எடுத்தேன். ஆயினும் சினம் தணியவில்லை. என்னைக் கேளாமல் மாற்ற இவர்கள் யார்?

அண்ணன் வரலாற்றைச் சொன்னார். சுவீடனில் 1995-இல் பிறந்த மைஎஸ்கியூஎல், 2008-இல் சன் நிறுவனத்திடமும் 2010-இல் ஆரக்கிளிடமும் சென்றது. அதை ஆக்கியோருள் ஒருவரான மைக்கேல் வைடனியஸ், 2009-இலேயே அதன் மூலநிரலிலிருந்து மரியாடிபியைக் கிளைக்கச் செய்தார். மை, மரியா என்பன அவருடைய மகள்களின் பெயர்கள்.

டெபியன் ஒரு பதிப்பைப் பல ஆண்டுகள் காக்கும். புதிதாக ஒன்றையும் புகுத்தாமல், முதன்மையாகப் பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதே அதன் வழக்கம். எந்தத் திருத்தம் எந்த ஓட்டைக்கு உரியது என்று தெரியாவிட்டால் எப்படி அடைப்பது? அந்த விவரங்களை ஆரக்கிள் முழுமையாக வெளியிடவில்லை என்பதே வழங்கல்களைப் பேணுவோர் பலரின் குறை. ஃபெடோராவும் ஓப்பன்சூசேயும் 2013-இலேயே மரியாடிபிக்கு மாறியிருந்தன. உபுண்டுவோ மைஎஸ்கியூஎல்லையே முதன்மையாக வைத்துக்கொண்டது. ஆகவே, இஃது ஒரே விடையுள்ள கணக்கன்று.

வேகம் மிக்கதைத் தேர்வதே அறிவு என்று அதுவரை எண்ணியிருந்தேன். கேளாதவர்க்காகத் தேர்பவருக்கு வேறோர் அளவுகோல் வேண்டும். பழுது நேரும்போது திறந்து பார்க்க முடியுமா என்பதே அது. தேர்ந்ததை மறைக்காமல் எழுதி அறிவிப்பதும் அவர் கடமை. டெபியன் தன் கடமையைச் செய்திருந்தது, படிக்காதவன் நான்தான்.

நூலகப் பொறுப்பை ஒப்படைத்த நாளில், அடுத்து வரும் தம்பிக்காக ஒரு தாள் எழுதி வைத்தேன்: எதைத் தேர்ந்தேன், ஏன் தேர்ந்தேன், வேண்டாமெனில் எப்படி மாற்றலாம் என்று.