அட்டையில் எழுதப்படாதது

உம்மாவின் மருத்துவமனை அட்டையில் கடைசியாக எழுதப்பட்டிருந்தது ஒரே ஓர் ஆங்கிலச் சொல். பள்ளிக்கூட அகராதியைப் புரட்டி அதன் பொருளைத் தேடினேன். 'கடனைச் செலுத்தத் தவறியவர்' என்றிருந்தது. 1968-ஆம் ஆண்டு அது. எனக்கு வயது பதினான்கு. யாரிடமும் கைம்மாற்றுக்கூட வாங்கியறியாத உம்மாவின் பெயருக்கு நேரே இச்சொல் எப்படி வந்தது என்று குழம்பினேன். மருந்தை இடையில் நிறுத்தியவர்களை மருத்துவத் துறையில் அவ்வாறு குறிப்பது வழக்கம் என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது.

நெல்லைச் சீமையில் தறியும் பீடியும் பிழைப்பாகக் கொண்ட ஊர் எங்களுடையது. வாப்பா மவுத்தான பின்னர் உம்மாவின் மடியிலிருந்த பீடித் தட்டுதான் எங்கள் மூவருக்கும் சோறு போட்டது. காற்றோட்டமில்லாத அறை, நாள் முழுதும் புகையிலைத் தூள், பிள்ளைகள் உண்ட பிறகு எஞ்சியதே உம்மாவுக்கு உணவு. 1965-இல் இருமலோடு இரத்தம் வந்தபோது, துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, என்னைத் துணைக்கழைத்து ஆற்றுக்கு அக்கரையிலிருந்த மருத்துவமனைக்குச் சென்றார்கள். சளியைச் சோதித்தார்கள், காசநோய் என்றார்கள். ஒன்றரை ஆண்டுக்கு மாத்திரை உண்ண வேண்டும் என்றும், மருந்து இலவசம் என்றும் சொன்னார்கள்.

மருத்துவத்தைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. 1882-இல் ராபர்ட் காக் அந்தக் கிருமியைக் கண்டறிந்ததும், நாற்பதுகளில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததும் மனிதகுலத்துக்கு அல்லாஹ் அருளிய பேருபகாரங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் உடம்புக்குள்ளே காரணத்தைத் தேடி, உடம்புக்குள்ளேயே பரிகாரம் செய்து முடிக்கும் அந்த நோக்கு, உடம்புக்கு வெளியே கண்ணைத் திருப்புவதில்லை. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கெல் என்பார் 1977-இல் இக்குறையை எடுத்துக்காட்டி, நோயாளியின் மனத்தையும் அவர் வாழும் சமூகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று வாதிட்டார்.

அவருக்கும் முன்னரே, 1951-இல், டால்காட் பார்சன்ஸ் என்ற சமூகவியலார் நோயுறுதலை ஒரு சமூக நிலையாகவே விளக்கினார். நோயுற்றவருக்கு அன்றாடக் கடமைகளிலிருந்து விலக்குண்டு. நோய்க்காக அவர்மீது பழி சுமத்தலாகாது. பதிலுக்கு, அவர் குணமடைய விரும்பித் தக்க மருத்துவரை நாட வேண்டும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. உம்மாவுக்கு விலக்களிக்க யார் இருந்தார்? மாத்திரையை விழுங்கிய கையோடு பீடித் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். பழியோ, கேட்காமலே வந்து சேர்ந்தது.

நோயுற்றவரை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். எங்கள் தெருவார் மார்க்கப் பற்றில் குறைந்தவர்களல்லர். இருப்பினும் செய்தி கசிந்த நாள்முதல், எங்கள் திண்ணையில் அமர்ந்து பேசும் பெண்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். உம்மாவின் குவளை தனியே வைக்கப்பட்டது. தனியே வைத்தவன் நான்தான்.

இதில் ஒரு வேதனை உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்று, சேத்துப்பட்டில் இன்றும் இயங்கிவரும் காசநோய் ஆராய்ச்சி நிலையம், 1959-லேயே ஓர் உண்மையை உலகுக்கு அறிவித்திருந்தது. நெருக்கடியான வீட்டில் எளிய உணவோடு மாத்திரை உண்டவர்களும், சானடோரியத்தில் ஊட்டமான உணவோடு ஓய்வாக இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவுமில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு நம் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அந்த ஆய்வில் மருந்தை மட்டும் கொடுத்து அனுப்பிவிடவில்லை. பணியாளர்கள் வீடு தேடிச் சென்று விசாரித்தார்கள், மருந்துண்டதைச் சிறுநீர் சோதனையால் உறுதி செய்தார்கள். எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. வந்திருந்தால் உம்மா கதவைத் திறந்திருப்பார்களா என்பது வேறு கேள்வி.

உணவைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். குணமடைவதற்கு மருந்து போதுமென்று சென்னை ஆய்வு காட்டியது. நோய் வராமலிருப்பதோ வேறு சங்கதி. ஜார்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள் வழங்கிப் பார்த்த ஆய்வொன்று 2023-இல் வெளிவந்தது. அக்குடும்பங்களில் புதிதாக நோய் கண்டவர் தொகை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. எஞ்சிய சோற்றை உண்ட உம்மாவை அப்போதும் நினைத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் மாத்திரை உண்டதும் இருமல் நின்றது; முகத்தில் களை வந்தது. அவ்வேளையில் வெளியூரிலிருந்து ராத்தாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அதற்கு முன் வந்த இரண்டு, உம்மாவின் நோயைக் கேள்வியுற்றுத் திரும்பிப் போனவை. மாதந்தோறும் ஆற்றைக் கடந்து அந்த வரிசையில் நிற்பதை மாப்பிள்ளை வீட்டார் யாரேனும் கண்டுவிட்டால்? உம்மா போவதை நிறுத்திக்கொண்டார்கள். அரிசிப் பானைக்குள் மறைத்திருந்த மிச்ச மாத்திரைகளை என்னிடம் தந்து, ஆற்றில் போட்டுவரச் சொன்னார்கள். போட்டுவந்தேன். 1966-இல் நிக்காஹ் நல்லவிதமாக நடந்தேறியது.

இரண்டாண்டுக்குப் பின் நோய் திரும்பியபோது, அட்டையைப் பார்த்த மருத்துவர், "மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்கு நாங்கள் என்னம்மா செய்வது?" என்று கேட்டார். கடுமையான மனிதரல்லர், களைத்துப் போயிருந்தார். உம்மா பதில் பேசாமல் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார்கள். மறு ஆண்டு மவுத்தாகிவிட்டார்கள்.

ராத்தாவுக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். உம்மா மருந்தில் அசட்டையாக இருந்துவிட்டதாகவே அவள் இதுநாள்வரை வருத்தப்பட்டு வருகிறாள், நானும் மறுத்ததில்லை. இந்த இதழ் மாதந்தோறும் அவள் வீட்டுக்கும் போகிறது.