எனக்குக் கேட்கவில்லை

அலுவலகத்தில் பக்கத்து செக்‌ஷனில் இருக்கும் நண்பருக்கு நான் 32,000 ரூபாய் தண்டம் வைத்திருக்கிறேன். அவரோ இன்றுவரை எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

என் கதையிலிருந்து தொடங்குகிறேன். பாட்டுப் பட்டியலைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து, டிடிகே கேசட்டில் பதிந்து வாங்கக் கடைவாசலில் நின்ற தலைமுறை நான். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவோம். ஒலித்தரம் என்ற பேச்சே அப்போது கிடையாது. அந்தக் காது எனக்கு 46 வயதில்தான் முளைத்தது. முளைத்த வேகத்தில் தலைக்கும் ஏறியது.

கையடக்க மியூசிக் பிளேயர் ஒன்று வாங்க வேண்டும், அதுவும் போன் மாதிரி எல்லா வேலையும் பார்க்காமல் பாட்டுக்கென்றே பிறந்த கருவியாக இருக்க வேண்டும் என்று ஆறு மாதம் படித்தேன். டிஜிட்டல் எண்களை ஒலிக்கான மின் அலையாக மாற்றும் சில்லுக்கு டாக் என்று பெயர். அதைச் செய்யும் கம்பெனிகளின் வம்சாவளி முழுக்க எனக்கு அத்துப்படி. 2020 அக்டோபரில் ஜப்பானில் ஏகேஎம் கம்பெனியின் சில்லுத் தொழிற்சாலை எரிந்தபோது, சொந்தக்காரர் வீடு எரிந்ததைப்போல் இரண்டு நாள் அதையே பேசினேன். கடைசியில் 54,000 ரூபாய்க்கு ஒன்றை வாங்கினேன், 12 தவணையில். மனைவியிடம் பதினாலாயிரம் என்று சொன்னேன். விட்டுப்போன நாற்பதாயிரத்தை இந்த வரியில்தான் அவள் முதல்முறையாகப் படிக்கப்போகிறாள்.

பெட்டியின் மேல் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. சிடி வெறும் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அந்த 44.1-இல் பாதி, அதாவது சுமார் 22,000 ஹெர்ட்ஸ் வரை சிடியே தந்துவிடும். மனிதக் காது நல்ல வயதில்கூட 20,000-ஐத் தாண்டாது. இந்தக் கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. பாஸ்டன் ஆடியோ சொசைட்டியைச் சேர்ந்த இருவர் 2007-இல் வெளியிட்ட சோதனையைப் பற்றியும் படித்திருந்தேன். உயர்தர ஒலியையும், அதையே சிடி தரத்துக்குக் குறைத்த ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்திருக்கிறார்கள். 554 தடவையில் ஏறக்குறைய சரிபாதிதான் சரியாகச் சொன்னார்களாம். காசு சுண்டிப்போட்டாலும் அதே பாதி வந்திருக்கும். படித்துவிட்டு, “அவங்க காது அவ்வளவுதான்” என்று மூடிவைத்தேன்.

இன்னொன்றும் செய்தேன். என்னிடம் இருந்த பாட்டில் முக்கால்வாசி எங்கெங்கோ இறக்கிய 128 கேபிபிஎஸ் எம்பி3. இத்தனை விலைக் கருவியில் எம்பி3 போடுவதா என்று கூச்சப்பட்டு, ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து அத்தனையையும் ஃபிளாக்காக மாற்றினேன். ஃபிளாக் என்பது எதையும் இழக்காமல் சுருக்கும் வடிவம்தான். ஆனால் எம்பி3 ஆக்கியபோதே தூக்கி எறிந்த ஒலியை அது எங்கே போய்த் தேடிக் கொண்டுவரும்? ஆறிய சோற்றை வெள்ளித் தட்டுக்கு மாற்றியிருக்கிறேன். மாற்றியபின் கேட்டு, “இப்பதான் வயலின் நரம்பு தெரியுது” என்று ஊரெல்லாம் சொல்லியும் இருக்கிறேன்.

அக்கா மகன் எஞ்சினியரிங் படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டில் ஒன்றைக் கம்ப்யூட்டரில் படமாகப் போட்டுக் காட்டினான். 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தரியால் வெட்டினாற்போல ஒரே கறுப்பு. “மாமா, கண்ணைக் கட்டிட்டுக் கேக்கறீங்களா?” என்றான். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்தேன், கண்ணில் ஈரத் துண்டு. ஒரு பக்கம் என் பிளேயர். இன்னொரு பக்கம் அவன் போன். அதில் எலி வால் மாதிரி தொங்கும் எண்ணூறு ரூபாய் டாங்கிள். இரண்டிலும் ஒரே பாட்டு, அசல் சிடியிலிருந்து எடுத்தது. ஹெட்போனும் ஒன்றே.

முதல் சுற்றிலேயே துள்ளினேன். “இதுதான்டா நம்மது! பேஸ் எப்படி இறங்குது பார்!” அவன் பேசவில்லை. துண்டை எடுத்துப் பார்த்தால் போன். ஒலியளவைக் கொஞ்சூண்டு கூட்டி வைத்திருந்தானாம். கூடுதல் சத்தத்தை மனசு கூடுதல் தரம் என்று எடுத்துக்கொள்ளும் என்றான். பிறகு 300 ஹெர்ட்ஸ் ஓசையை ஓடவிட்டு, மல்டிமீட்டர் வைத்து இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தான். ஒவ்வொரு தடவையும் காசு சுண்டி எதைச் செருகுவது என்று முடிவுசெய்தான். மொத்தம் 16 தடவை. 12 சரியாக வந்தால் குருட்டாம்போக்கு இல்லை என்று ஒப்புக்கொள்ளலாம். நான் சொன்னதில் 7 சரி.

விட்டானா? தனி ஓசைகளை ஏற்றிக்கொண்டே போனான். 11,500-இல் எனக்கு உலகம் நிசப்தமாகிவிட்டது. அவன் 17,000 வரை தலையாட்டிக்கொண்டிருந்தான். கணக்குப்படி 96,000 ஹெர்ட்ஸ் வரை தர வல்ல கருவிக்கு நான் தவணை கட்டிக்கொண்டிருந்தேன்.

எல்லாக் கருவியும் ஒன்றுதான் என்று நான் சொல்லவரவில்லை. காதுக்குள் செருகும் நுட்பமான இயர்போனை மாட்டினால், சில பிளேயர்களில் பாட்டுக்குப் பின்னால் உஸ்ஸென்ற இரைச்சல் எனக்கே கேட்கும். பிளேயரின் வெளியீட்டு மின்தடை, ஹெட்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அதை மீறினால் சில இயர்போன்களில் பாட்டின் நிறமே மாறும். எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் ஹெட்போனில்தான். யாராவது கேட்டால் சொல்ல இதெல்லாம் என்னிடம் இருந்தது. கேட்கவும் கேட்டார்.

சோதனை நடந்தது மார்ச்சில். ஜூனில் அந்தப் பக்கத்து செக்‌ஷன் நண்பர் டீ வேளையில் வந்தார். “சார், அப்பா படுத்த படுக்கையா இருக்கார். டி.எம்.எஸ்., சுசீலான்னா முகம் தெளியுது. பழைய பாட்டு ஏத்தியே வர்ற கார்வான் பெட்டி வாங்கிடலாம்னு பாக்கறேன், ஆறாயிரத்து ஐந்நூறு சொல்றாங்க. நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட்.”

“கார்வானா?” என்றேன். சொல்லைவிட அதைச் சொன்ன தொனிதான் அவரைச் சுருக்கியது. அரைமணி நேரம் பேசினேன். டாக், 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு சாக்கெட், இடப்பக்கம் வீணை, வலப்பக்கம் தபலா. அறுபதுகளின் அந்தப் பாட்டெல்லாம் மோனோ. இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் போகும். இடமும் இல்லை, வலமும் இல்லை. பேசும்போதே எனக்கு அது தெரியும். ஆனால் வேண்டாம் என்று சொன்னால் 7 என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பண்டிகை அட்வான்ஸ் போட்டு 38,500-க்கு வாங்கினார்.

போன மாதம் பெரியவரைப் பார்க்கப் போனேன். முழு சார்ஜுடன் கருவி தலையணைக்கு அடியில் கிடந்தது. தொடுதிரையில் அவர் விரல் நடுங்கி நடுங்கி வேறெங்கோ படுகிறது. இயர்போன் காதை உறுத்துகிறதாம். சமையலறை ஜன்னலில் மருமகள் போனைச் சாய்த்து வைத்திருந்தார். அதிலிருந்து வந்த சுசீலா குரலுக்குப் பெரியவர் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நண்பர் என்னைப் பார்த்து, “சவுண்டு சூப்பர் சார்” என்றார். நான் தலையாட்டிவிட்டு காபியைக் குடித்தேன்.

சார், அந்த வித்தியாசம் எனக்குக் கேட்கவில்லை. உங்களிடம் சொன்ன அன்றும் கேட்கவில்லை. கருவியை ரிச்சி தெருவில் கொடுத்தால் பாதி விலை தேறலாம். குறைவதை நான் தருகிறேன். வரும் சனிக்கிழமை கார்வானோடு வீட்டுக்கு வருகிறேன்.