நரம்பைச் சுட்டால் பிரஷர் குறையுமா?



எங்கள் செட்டிகுளம் பகுதியில் பிரஷர் குளிசை இல்லாத வீடு குறைவு. உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும். மூன்று வகைக் குளிசை கொடுத்தும் 170, 180 என்று இறங்காமல் நிற்கும் உம்மாமாரும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படியோர் உம்மாவின் மகள் அண்மையில் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். இந்தியாவில் தொடை வழியாக ஒரு குழாயை விட்டு, சிறுநீரக நரம்பைச் சுட்டு, பிரஷரைக் குறைக்கிறார்களாம். சூடு போடுவது மார்க்கத்தில் ஆகுமா? போய்வர ஸகாத் பணம் எடுக்கலாமா?

சூடு போட்டு வைத்தியம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று ஹதீஸில் வந்திருக்கிறது. அதே நபியவர்கள், அகழ்ப் போரில் கையில் காயம்பட்ட ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களுக்குத் தம் கரத்தாலேயே சூடு போட்டார்கள் என்பதும் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. தேவையின்றி நாடுவது வெறுப்புக்குரியது, தேவை வந்தால் ஆகும் என்று உலமாக்கள் இரண்டையும் இணைத்து விளக்குவார்கள். எனவே அந்த உம்மாவுக்கு இது தேவைதானா என்று பார்க்க வேண்டியிருந்தது.

சிறுநீரகத்துக்குப் போகும் நரம்புகள் அதன் இரத்தக் குழாயைச் சுற்றிப் படர்ந்திருக்கின்றன. அவை அளவுமீறித் தூண்டினால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும், பிரஷர் ஏறும். தொடை இடுக்கில் சிறு துளையிட்டு, மெல்லிய குழாயை அந்த இடம்வரை செலுத்தி, மின்சக்தியாலோ ஒலியலையாலோ நரம்புகளைப் பொசுக்குகிறார்கள். வயிற்றைக் கீறுவதில்லை. 1940களில் இந்த வகை நரம்புகளைச் சத்திர சிகிச்சை செய்து வெட்டியே எடுத்தார்கள். பிரஷர் குறைந்தது, ஆனால் பலருக்கு எழுந்து நின்றால் மயக்கம் வந்தது.

குழாய் முறையின் முதல் முடிவுகள் 2009இல் வெளிவந்தபோது வைத்திய உலகம் பெரிதும் மகிழ்ந்தது. பிறகு அமெரிக்காவில் 535 பேரை வைத்துப் பெரிய பரிசோதனை செய்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரை மேசையில் கிடத்தி, படம் மட்டும் எடுத்து, சுடாமலே அனுப்பினார்கள். இப்படியும் நடக்கலாம் என்று முன்பே சம்மதம் பெற்றிருந்தார்கள். ஆனால் தனக்குச் சுட்டதா இல்லையா என்று எவருக்கும் தெரியாது. 2014இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் சுட்டவர்களுக்கு மேல் அளவு 14 குறைந்திருந்தது. சுடாதவர்களுக்கும் 12 குறைந்திருந்தது!

சுடாதவர்களுக்கு ஏன் குறைந்தது? யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் என்றதும் குளிசையை ஒழுங்காக விழுங்கியிருப்பார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அரபுக் கல்லூரியில் அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொருவராகச் சோதித்துப் படித்தவனுக்கு இந்தப் பரிசோதனை மிகவும் பிடித்துவிட்டது. நல்ல செய்தி என்பதற்காக அதை ஆராயாமல் ஏற்றுக்கொள்ளவில்லையே!

அதன்பின் கருவிகளைத் திருத்தி, மீண்டும் அதே கண்டிப்போடு சோதித்தார்கள். இம்முறை பயன் தெரிந்தது. 2023 நவம்பரில் அமெரிக்க அரசு இரண்டு கருவிகளுக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் சராசரியாகக் குறைவது ஏறக்குறைய ஒரு குளிசை குறைக்கும் அளவுதான். பெரும்பாலோர் அதற்குப் பிறகும் குளிசை எடுக்கத்தான் வேண்டும். பூரண சுகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த மகளிடம் உம்மாவின் குளிசைப் பையைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு மாதத்துக்கு முன் கிளினிக்கில் கொடுத்தது பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. தலையிடித்த நாளில் மட்டும் எடுத்திருக்கிறார். முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிய வலிக் குளிசையும், இருமலுக்கு அதிமதுரக் கஷாயமும் தவறாமல் நடந்திருக்கின்றன. இந்த இரண்டும் பிரஷரை ஏற்றக்கூடியவை. கருவாட்டையும் ஊறுகாயையும் நான் சொல்லவே தேவையில்லை.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. மதவாச்சி, பதவியா தொடங்கி வவுனியா வரை, காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய் பரவியிருக்கிறது. அந்தப் பெரிய பரிசோதனைகளில் சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களைச் சேர்க்கவில்லை. படம் எடுக்க ஏற்றும் மருந்தும் பழுதான சிறுநீரகத்துக்கு ஆகாமற் போகலாம். ஆகவே இந்தியா போவதைப் பற்றி நினைப்பதற்கு முன் இரத்தத்தில் கிரியற்றினினும், சிறுநீரில் புரதமும் பார்த்துவிட வேண்டும்.

ஸகாத்தைப் பொறுத்தவரை அந்த உம்மா ஏழை. அது அவருடைய உரிமை. வைத்தியத்துக்கும் செலவழிக்கலாம். அதிலிருந்து கையில் கட்டிப் பார்க்கும் பிரஷர் மெஷின் ஒன்றும், கிளினிக்குக்குப் போய்வர பஸ் காசும் கொடுக்கலாம் என்றேன். குளிசையை ஒழுங்காக எடுத்தும் இறங்காவிட்டால் நான்காவது குளிசை சேர்ப்பது பற்றி டொக்டர் தீர்மானிப்பார். அதற்கும் இறங்காதவர்களுக்கே இந்தச் சூடு.

உங்கள் வீட்டில் பிரஷர்காரர் இருந்தால், நோன்பு வருமுன் ஷஃபான் மாதத்திலேயே கிளினிக்கில் கேட்டு, எந்தக் குளிசை ஸஹருக்கு, எது இஃப்தாருக்கு என்று கொப்பியில் எழுதி வாங்கிவிடுங்கள். நோன்பு பிடிக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னால் உம்மாமார் அழுவார்கள். நோயாளிக்கு அந்தச் சலுகையைக் கொடுத்தவன் அல்லாஹ் என்று பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுங்கள்.