கொசுவலைக்கு வெளியே மணி

2019-ல் எனக்குக் கொச்சிக்கு மாற்றல். கொச்சிக் கொசு ரொம்ப சின்சியர் சார்! நாம் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வருவதற்குள் அது டியூட்டிக்கு வந்துவிடும். முதல் சம்பளத்தில் நான் வாங்கியதே ஒரு கொசுவலைதான்.

டீக்கடையில் பாதி பன் போட்டதற்காக என் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டது மணி. 'பட்டி வீட்டுக்குள்ள வேண்டாம்' என்றார் ஹவுஸ் ஓனர் சேச்சி. கொல்லையில், சாக்கடை ஓரமாகக் கட்டிவைத்தேன்.

ஒரு வருஷம் போயிருக்கும். மணி ராத்திரி பகலாகச் சொறிய ஆரம்பித்தது. முதுகில் திட்டுத் திட்டாக முடி கொட்டி, விலாவில் தோலுக்கடியில் சுண்டைக்காய் சைஸில் ஒரு கட்டி. 'வெறும் சொறிதான், வேப்பெண்ணெய் தடவுங்க' என்றார் ஆபீஸ் நண்பர். தடவினேன். சொறி போகவில்லை, வாசனை தாங்காமல் பக்கத்து சீட்காரர்தான் இடம் மாறிப் போனார்.

கடைசியில் மிருக டாக்டர். ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கச் சொன்னார். நூல் நூலாக என்னமோ நெளிந்தது!

"டைரோஃபைலேரியா ரெபென்ஸ். இது குட்டி. தாய்ப்புழு தோலுக்கடியில இருக்கும். 17 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும்."

என் மேஜை ஸ்கேலே 15 சென்டிமீட்டர்தான்!

"எதைத் தின்னு வந்துச்சு டாக்டர்?"

"தின்னு வரலை. கொசு கொண்டு வந்தது. ஒரு நாயோட ரத்தத்துல குட்டிப்புழுவைக் குடிச்சு, ரெண்டு வாரம் உள்ளே வளர்த்து, அடுத்த நாய்க்கு இறக்கிடும். பெரிசாக 6 மாசத்துக்கு மேல ஆகும்."

"எனக்கும் ஒட்டிக்குமா?"

"நாயைத் தொட்டா வராது. கொசு கடிச்சா மனுஷனுக்கும் வரலாம். கேரளத்துல கண்ணுலேர்ந்தே எடுத்திருக்காங்க."

விரல் விட்டு எண்ணினேன். நான் வலைக்குள் குறட்டை விட்ட ராத்திரிகளில்தான் மணி சாக்கடை ஓரத்தில் கடி வாங்கியிருக்கிறது. கட்டிவைத்த கை என்னுடையது.

கட்டியை அறுத்துப் புழுவை எடுத்தார். குட்டிகளுக்குத் தனி மருந்து. "கடையில வாங்கி நீங்களே கொடுத்துடாதீங்க. கோலி மாதிரி சில ஜாதிகளுக்கு ஐவர்மெக்டினே ஆபத்தாயிடும்" என்று எச்சரிக்கை வேறு.

மணி வெறும் நாட்டு நாய். பிழைத்துக்கொண்டது.

சேச்சியிடம் கெஞ்சி இடத்தை வராந்தாவுக்கு மாற்றினேன். கொசுவலை இப்போது இரண்டு. புதுசு யாருக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்!