எட்டாச் சுவர்

இல்லத்திற்கு வெள்ளையடித்தல் எளியதொரு காரியம் என்பதே பெரும்பாலார் கொள்கை. சென்ற டிசம்பர்த் திங்கள் வரையில் யாமும் அக்கொள்கையினரே. ஒரு வாளி, ஒரு மட்டை, ஓர் ஏணி, இரண்டு மூன்று விடுமுறை நாள் ஆகிய இவை வாய்ப்பின் எவரும் தம் வீட்டைத் தாமே புதுக்கிக் கொள்ளலாம் என்று எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தில் முக்காற் பங்கு உண்மையே. எஞ்சிய காற்பங்கு கை எட்டாத உயரத்தில் உள்ளது. அக்காற்பங்கினைப் பற்றியே ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம்.

எமது ஊர் திருநெல்வேலிச் சீமையிலுள்ள ஒரு சிற்றூர். எம் ஊர்க் கிறிஸ்தவ இல்லங்களில், கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முன்னர்ச் சுவர்களுக்குப் புதுப்பூச்சிடுதல் வழிவழியாக வரும் வழக்கம். வடகிழக்குப் பருவமழை சுவர்களிற் கறைபடியச் செய்த பின்னரே அப்பண்டிகை வருதலால், வழக்கமும் தேவையும் ஒன்றாய் இயைந்துவிடுகின்றன. எம் பாட்டனார் கட்டிய வீட்டில் அறைகளெல்லாம் பத்தடி உயரமுடையன. மாடிப்படி ஏறும் இடத்துச் சுவர் மட்டும், அடிப்படியிலிருந்து மேற்கூரை வரையில் ஏறக்குறைய 18 அடி உயர்ந்து நிற்கின்றது. ஆண்டுதோறும் கூலியாட்கள் பூசிவந்த அச்சுவரை, இம்முறை யாமே பூசுவதாக எம் தந்தையாரிடம் ஏற்றுக்கொண்டோம். கூலி மிச்சப்படும் என்பது வெளிப்படையாகக் கூறிய காரணம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயில்வோர்க்குப் பேனா பிடிப்பதன்றிப் பிறிதொரு தொழிலும் வாராது என்று எம் இளவல் ஓயாது நகையாடி வந்தமை உள்ளே கிடந்த காரணம்.

முதலிரண்டு நாளும் வேலை இனிதே நடந்தது. உரிந்து தொங்கிய பழம் பூச்சைச் சுரண்டினோம், வெடிப்புகளுக்குப் பட்டி வைத்தோம், உப்புத்தாளால் தேய்த்தோம். பழைய வர்ணத்தை உலர்ந்தபடியே தேய்க்கலாகாது, நனைத்துத் தேய்க்கவேண்டும் என்று தந்தையார் எச்சரித்தார். அவர் பள்ளியில் விஞ்ஞானம் கற்பிப்பவர். வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்னும் விதி, நம் நாட்டில் 2016 ஆம் ஆண்டிலேதான் வகுக்கப்பெற்று, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது என்றும், அதற்கு முற்பட்ட பூச்சுகளில் ஈயம் மிகுந்திருத்தல் கூடுமாதலின் அத்தூள் மூச்சிற் கலத்தல் தீது என்றும் அவர் விளக்கினார். அவர் சொற்படியே முகத்திற்குக் கவசமிட்டு நனைத்துத் தேய்த்தோம். அறைகள் நான்கும் பளிச்சென்று விளங்கின. எமக்கும் செருக்கு மிகுந்தது.

மூன்றாம் நாட் காலையில் மாடிப்படிச் சுவரை அடைந்தோம். ஏணியின் ஒரு கால் ஒரு படியிலும், மற்றொரு கால் அதனினும் தாழ்ந்த படியிலும் நிற்க வேண்டியிருந்தது. தாழ்ந்த காலின் கீழ் இரண்டு செங்கற்களை அடுக்கிச் சமன் செய்தோம். ஏணி அசையவில்லை. இளவல் கீழே நின்று அதனைப் பற்றிக்கொண்டான். யாம் ஒரு கையில் வாளியும் மறு கையில் மட்டையுமாக ஏறினோம்.

ஒருமணி நேரம் யாதோர் இடரும் இல்லை. கூரையை ஒட்டிய வலப்பக்க மூலையில் ஒரு சாண் அளவு இடம் மட்டும் எஞ்சியது. இறங்கி ஏணியைப் பெயர்த்து, செங்கல்லை மீண்டும் அடுக்கி, மறுபடியும் ஏறவேண்டும். ஒரு சாண் இடத்திற்கு இத்தனை பாடோ என்று எண்ணி, ஒரு காலைப் படியினின்று எடுத்து, உடலை வலப்பக்கம் சாய்த்துக் கையை நீட்டினோம். மட்டையின் நுனி மூலையைத் தொட்டது. அந்நொடியே கீழே செங்கல் புரண்டது. ஏணி ஒரு முழம் வழுக்கி, படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டு நின்றது. யாம் சன்னற் கம்பியைப் பற்றித் தொங்கினோம். சுண்ணாம்பு வாளி கைந்நழுவி, படியில் மோதிச் சிதறியது. அவ்வாளி வீழ்ந்த இடம், தண்ணீர் குடிக்க அரைநிமிடத்திற்கு முன் இளவல் விட்டகன்ற இடமேயாகும்.

ஓசை கேட்டு ஓடிவந்தோருள் அடுத்த வீட்டுப் பெரியவரும் ஒருவர். எம் தந்தையார் அவரை அண்ணாச்சி என்பார். யாம் தாத்தா என்போம். அவர் தம் வாழ்நாள் முழுதும் வர்ணம் பூசும் தொழில் செய்தவர். வலக்கால் சற்றே ஊன்றாமல் நடப்பவர். எம்மைக் கைப்பிடித்து இறக்கி, எமது உடலில் ஊறு ஒன்றும் இல்லை என்று கண்டபின், படியில் அமர்ந்து தம் காலைத் தடவியவாறு கூறினார்:

“நம்ம கோயில் கோபுரத்துக்கு ஏழு தடவை வெள்ளையடிச்சிருக்கேன், தம்பி. ஒரு கீறல் பட்டதில்லை. இந்தக் கால் போனது ஒரு வீட்டுக்குள்ளே, ஒன்பதடி ஏணியிலே. கோபுரத்திலே பயம் இருந்தது. கயிறு கட்டினேன், சாரம் கட்டினேன். வீட்டுக்குள்ளே பயம் இல்லை. ஒரு சாண் இடந்தானேன்னு எட்டினேன்.”

இதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை, வசையும் மொழியவில்லை. எம் அன்னையார் சிதறிய சுண்ணாம்பைத் துடைத்தவாறே அழுதுகொண்டிருந்தார். இளவலோ அன்று முழுதும் எம்மை நகையாடவில்லை. அவன் நகையாடியிருப்பின் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்தின்கண், மரக்கிளையின் கடைசி வரையில் ஏறிவிட்ட ஒருவன் அதன் மேலும் செல்ல ஊக்குவானாயின் அது அவன் உயிர்க்கு முடிவாகும் என்னும் கருத்தமைந்த பாட்டொன்று உண்டு. தேர்வில் அதனை விளக்கி விடையெழுதியிருக்கின்றோம். பகைமேற் செல்லும் அரசன் தன் வலியின் எல்லையறிந்து நிற்றல் வேண்டும் என்பது அதன் உட்பொருளென்றும், அணி பிறிதுமொழிதல் என்றும் பிழையற எழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். அப்பாட்டு அரசர்க்கே உரியதெனக் கொண்டிருந்தமையால், ஏணிமேல் நின்றபோது அது எம் நினைவிற்கு வரவேயில்லை. கிளை என்பது வெறுங் கிளையாகவும் இருக்கலாம் என்பதை யாம் மறந்திருந்தோம்.

நிற்க. மறுநாட் காலையில் அப்பெரியவர் தாமே வந்து, எஞ்சிய சுவரைப் பூசும் முறையை எமக்குக் கற்பித்தார். அம்முறையை நம் கல்லூரி நண்பர்க்கும் பயன்படுமாறு இங்குத் தொகுத்துரைக்கின்றோம்.

முதலாவது, ஏறாமற் செய்யத்தக்க வேலையை ஏறிச் செய்யலாகாது. “எட்டாத இடத்துக்குக் கையை நீட்டாதே, கோலை நீட்டு” என்றார் பெரியவர். உருளைத் தூரிகையை ஆறடிக் கோலிற் பொருத்தி, தரையிலும் படியிலும் நின்றவாறே சுவரின் பெரும்பகுதியைப் பூசிவிட்டோம். கூரையை ஒட்டிய விளிம்பும் மூலைகளும் மட்டுமே ஏறவேண்டிய இடங்களாய் எஞ்சின. முந்தைய நாள் யாம் ஒருமணி நேரம் ஏணியில் நின்று பூசிய இடத்தில் பெரும்பகுதி, ஏறவே தேவையில்லாத இடமாகும்.

இரண்டாவது, ஏணியின் அடி உறுதியாயிருத்தல் வேண்டும். செங்கல், பெட்டி, புத்தகம் முதலியவற்றை முட்டுக்கொடுத்து நிறுத்திய ஏணி, ஏறுவோன் நேரே நிற்குமளவும் நிற்கும். அவன் சாய்ந்தவுடன் தானும் சாயும். சமதரையில் சாய்ப்பேணி வைப்போர், அது சுவரைத் தொடும் உயரத்தில் நான்கிலொரு பங்கு தூரம் அதன் அடியைத் தள்ளி வைத்தல் முறை. 12 அடி உயரத்திற் சாயும் ஏணிக்கு அடி 3 அடி தள்ளியிருக்கவேண்டும். இதனினும் நெருங்கின் ஏணி பின்புறம் கவிழும். அகலின் அடி வழுக்கும். மடக்கேணியாயின், அதனை முழுதும் விரித்துத் தாழிட்ட பின்னரே ஏறல் வேண்டும். அதன் உச்சிப் படிகளில் நிற்றல் கூடாது.

மூன்றாவது, ஏறும்போதும் இறங்கும்போதும் இரு கை இரு கால் ஆகிய நான்கனுள் மூன்றேனும் ஏணியைப் பற்றியிருத்தல் வேண்டும். ஆதலின் வாளியைக் கையிற் கொண்டு ஏறலாகாது. மேலே சென்றபின் கயிற்றால் இழுத்துக் கொக்கியில் மாட்டிக்கொள்ளலாம்.

நான்காவது, எமக்கு வேண்டியிருந்த பாடம். நிற்பவனுடைய கொப்பூழ் ஏணியின் இருபக்க மரங்களுக்கும் இடையிலேயே இருக்கவேண்டும். அது மரத்தைக் கடந்து வெளியே சென்றால், உடலின் பாரமும் ஏணியின் அடியைக் கடந்து வெளியே செல்கின்றது என்பது பொருள். அப்பொழுது செய்யத்தக்கது ஒன்றே: இறங்குக, ஏணியைப் பெயர்த்து வைக்க, மீண்டும் ஏறுக.

இவையன்றி வேறு சிலவும் உள. விளக்கும் மின்விசிறியும் உள்ள இடத்தருகே ஏறுமுன் மின்சாரத்தை நிறுத்துதல் வேண்டும். அலுமினிய ஏணி மின்சாரத்தைக் கடத்தும். கீழே நிற்போர் ஏறியவனுக்கு நேர்கீழே நில்லாது ஒருபுறம் ஒதுங்கிப் பற்றுதல் வேண்டும். தலைக்குமேற் பூசுங்கால் துளிகள் கண்ணில் விழும்; சுண்ணாம்புக் குழம்போ கண்ணை அரித்துப் புண்படுத்தவல்லது. ஆதலின் கண்ணாடி அணிதல் நலம். தப்பித் தெறித்துவிடின், உடனே நல்ல தண்ணீரால் கால்மணி நேரத்திற்குக் குறையாது கழுவியவாறிருந்து, பின் மருத்துவரிடம் செல்லல் வேண்டும்.

மாடிப்படிச் சுவரின் மூலைகளுக்குப் பெரியவர் வேறொரு வழி கண்டார். ஒரு சாய்ப்பேணியின் அடியைப் படியின் செங்குத்து முகத்தில் முட்ட வைத்து, எதிர்ச்சுவரிற் சாய்த்து, அசையாதபடி கட்டினார். படிகள் முடியும் மேற்றளத்தில் ஒரு மடக்கேணியை விரித்து நிறுத்தினார். ஒன்றன் படிக்கும் மற்றொன்றன் படிக்கும் குறுக்கே, இரண்டங்குலக் கனமுள்ள பலகைகள் இரண்டினை ஒட்டியிட்டு, முனைகள் இருபுறமும் ஓரடி நீட்டி நிற்குமாறு கயிற்றாற் பிணித்தார். பலகையின் திறந்த பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மூங்கிற் கழியைத் தடுப்பாகக் கட்டினார். இவ்வளவும் செய்ய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பூசும் வேலையோ முக்கால்மணி நேரமே. இதனினும் உயர்ந்த சுவராயின், சாரமும் இடுப்புக் கச்சையும் உடைய தொழிலாளரை அழைத்தலே தக்கது என்றும், அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை என்றும் அவர் கூறினார்.

ஏறும் வழியைச் சமைப்பதும் தொழிலின் ஒரு பகுதியே என்பதைப் பெரியோர் பலர் அறிந்திருந்தனர். ரோமாபுரியிற் சிஸ்டைன் ஆலயத்தின் விதானத்தை 1508 முதல் 1512 வரையில் ஓவியங்களால் நிரப்பிய மைக்கேலாஞ்சலோ, தனக்கு முதலில் அமைத்துத் தரப்பெற்ற சாரத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. அது விதானத்தில் துளையிட்டுக் கயிறுகளால் தொங்கவிடப்பட்டது. துளைகளைப் பின்னர் எவ்வாறு அடைப்பது என்று வினவி, சுவர்களையே பற்றி நிற்கும் வேறொரு சாரத்தைத் தானே வகுத்துக்கொண்டான் என்பர். ஏறத்தாழ 65 அடி உயரத்தில், படுத்தவாறன்றி நின்றவாறே தலையை அண்ணாந்து அவன் தீட்டினான். கண்டோர் ஓவியத்தைப் புகழ்கின்றனர், சாரம் அவிழ்க்கப்பட்டுவிட்டது. ஆயினும் அதுவின்றி ஓவியமில்லை.

எம் சுவருக்கு மீள்வோம். பலகைமேல் நின்று பூசி வருகையில், முன்னாள் எம்மை வீழ்த்த முயன்ற அதே வலப்பக்க மூலையில், மீண்டும் ஒரு சாண் இடம் எட்டாது நின்றது. கை தானாகவே நீளத் தொடங்கியது. கீழே இளவல் எம்மையே நோக்கி நின்றான். யாம் ஒன்றும் பேசாது இறங்கினோம். பலகையைப் பெயர்த்துக் கட்டக் கால்மணி நேரம் ஆயிற்று. அதற்குள் முன் பூசியதன் ஓரம் உலர்ந்துவிட்டமையால், பிற்பூச்சு அதனோடு கலவாது, கூரையருகே மெல்லியதொரு கோடு நின்றுவிட்டது.

பண்டிகை நாளில் வந்த உறவினர் அண்ணாந்து நோக்கி, அஃது என்ன கோடு என்று வினவினர். “அண்ணன் இறங்கிய இடம்” என்றான் இளவல். பெரியவரும் அன்று பலகாரம் உண்ண வந்திருந்தார். அவர் நெடுநேரம் அதனை நோக்கிவிட்டு, “நல்லாத்தான் பூசியிருக்கே, தம்பி” என்றார். வேலை தெரிந்தவர் கண்ணுக்கு அக்கோடு பிழையெனத் தெரியாதிராது. தெரிந்தும் அவ்வாறு கூறினார். அடுத்த ஆண்டு அதனை மறைத்துப் பூசலாமா என்று தந்தையார் கேட்டபோது, வேண்டா என்று அன்னையார் கூறிவிட்டார்.