108 பாகையில் ஒரு புள்ளி

போட்டோஷாப்பில் படத்தைப் புள்ளிகளாக மாற்றும் ‘கலர் ஹாஃப்டோன்’ ஃபில்டரைத் திறந்தால் 108, 162, 90, 45 என நான்கு எண்கள் முன்கூட்டியே நிரம்பியிருக்கும். ஆடித்தபசுத் திருவிழாவில் ஆடிச்சுற்று சுற்றும் பக்தர்கள் கோயிலை 108 முறை வலம் வரும் சங்கரன்கோவிலில் முதல் எண்ணுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் இங்கே அது ஒரு கோணம். கணினியில் வரைகிறவர்கள் பெரும்பாலும் தொடாமலே விட்டுவிடும் இந்த எண்களின் பூர்வீகத்தைத் தேடப்போய், அந்தப் புள்ளிக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பூர்வீகமே பிழை என்ற முடிவுக்கு வந்தேன். அமெரிக்க காமிக்ஸ், அதைப் பெரிதாக்கி வரைந்த ராய் லிக்டன்ஸ்டைன் என்பதுதான் வழக்கமான பதில். அந்தக் காமிக்ஸ் புள்ளி 1879-இல் பெஞ்சமின் டே கொண்டுவந்த முறையைச் சேர்ந்தது. அதில் ஒரு நிறப்பரப்பு முழுக்க எல்லாப் புள்ளியும் ஒரே அளவு. கன்னம் முழுக்க ஒரே இளஞ்சிவப்பு. ஹாஃப்டோனிலோ இடைவெளி மாறாது, புள்ளியின் பருமன்தான் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும். ஃபில்டர் செய்வது இந்த இரண்டாவது வேலையை.

தமிழ் வாசகனுக்கும் புள்ளியை அறிமுகம் செய்தது காமிக்ஸ்தானே, 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரவில்லையா என்று கேட்கலாம். வந்தது, ஆனால் இரும்புக்கை மாயாவியின் பக்கங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள். புள்ளி நம் வீட்டுச் சுவருக்கு வந்தது சாமி காலண்டர் வழியாக. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் சாமி படங்களை வரைந்தார்கள். வடகிழக்கே சிவகாசி அச்சிட்டது. நான்கு வண்ண ஆஃப்செட்டில் அச்சான அம்மன் படம் ஒன்றின் கன்னத்தில் லென்ஸை வைத்துப் பாருங்கள். வெளிச்சம் விழும் மேட்டில் மெஜந்தாவும் மஞ்சளும் கடுகைவிடச் சிறிய புள்ளிகளாக வெள்ளைத் தாளில் சிதறிக் கிடக்கும். தாடையை நோக்கி இறங்க இறங்க அவை பருத்து ஒன்றையொன்று தொடும். நிழலுக்குள் போனால் கணக்கு தலைகீழாகிவிடும்: மையே பரப்பாகி, தாளின் வெள்ளை புள்ளியாக மிஞ்சும். நிறங்கள் ஒன்றையொன்று சுற்றி நின்று சிறு பூக்கள்போல வட்டமிடும். அந்தப் பூ மலர்வது கோணத்தால். கறுப்புக்கு 45 பாகை, மெஜந்தாவுக்கு 75, சயனுக்கு 15, மஞ்சளுக்கு 0 என்பது அச்சகங்களில் பரவலான வழக்கம். அழுத்தமான மூன்று நிறங்களுக்கும் இடையே 30 பாகை விலகல் இல்லாவிட்டால் படத்தின்மேல் பட்டுத்துணியில் தெரிவதுபோல அலைக்கோலம் ஓடும்.

இனி 108-க்கு வருவோம். சதுரக் கட்டமாக அமைந்த புள்ளி வரிசை 90 பாகை திரும்பினால் பழைய நிலைக்கே வந்துவிடும். ஆகவே 108 என்பது 18, 162 என்பது 72. அச்சகத்தின் 15-உம் 75-உம் ஏன் இப்படி நகர்ந்தன? மூன்று கட்டம் போய் ஒரு கட்டம் ஏறும் சாய்வு 18.4 பாகை. கணினியின் பிக்சல் கட்டங்களில் அந்தச் சாய்வு மூலைக்கு மூலை சரியாக உட்காரும். 15 பாகைச் சாய்வு எந்த முழு எண் விகிதத்திலும் அடங்காது. படத்தைப் புள்ளிகளாக உடைக்க அச்சகங்கள் பயன்படுத்திய, கோடுகள் குறுக்கிடும் கண்ணாடித் திரையின் கோணத்தைக் கணினிக் கட்டத்துக்குள் பொருத்தியதன் தடம்தான் இந்த எண்கள் என்பது என் முடிவு. அந்தத் திரையின் கணக்கைத் தேடினால் பாதை கொல்கத்தாவுக்குப் போகிறது. திரை வழியே படமெடுக்கும் யோசனை 1852-இல் ஃபாக்ஸ் டால்பாட்டுடையது. 1882-இல் மைசன்பாக் ஹாஃப்டோன் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் திரைக்கும் தகட்டுக்கும் இடையிலான தூரம், லென்ஸ் துளையின் வடிவம், ஒளியின் விளிம்பு வளைவு ஆகியவற்றைக் கணக்கிட்டு, லண்டனின் பென்ரோஸ் ஆண்டு மலரில் 1897 முதல் கட்டுரை எழுதியவர் கொல்கத்தாவின் உபேந்திரகிஷோர் ராய், சத்யஜித் ராயின் தாத்தா. கோடுகள் 90 பாகையில் வெட்டிக்கொள்ளும் திரைக்கு மாற்றாக 60 பாகைத் திரையையும் அவர் ஆராய்ந்தார்.

அச்சுத் தொழிலாளி ஆயுள் முழுக்கப் புள்ளியை மறைக்கப் பாடுபட்டார், இன்றைய ஓவியரோ அதைக் காட்டத்தானே விரும்புகிறார், இரண்டும் எப்படி ஒரே பரம்பரை ஆகும்? வலுவான மறுப்புதான் இது. ஆனால் மறைப்பதும் காட்டுவதும் அளவைப் பொறுத்தவை. வெளிச்சத்தைப் பருமனாக மாற்றும் விதி இரண்டுக்கும் ஒன்றே. அந்த விதியை விட்டுவிட்டு ஒரே அளவுப் புள்ளியை முகத்தின்மேல் போர்த்துவதால்தான் பல படங்களில் கன்னம் தட்டையாகிச் சுவரொட்டித் தாளாகிவிடுகிறது. அடுத்த ஆடித்தபசுக்குப் படம் வரையப் போகிறவர்கள் முதலில் சாம்பல் நிறத்தில் வெளிச்சத்தையும் நிழலையும் முழுதாக வரைந்து முடியுங்கள். பழைய காலண்டர் ஒன்றை லென்ஸில் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஃபில்டரைத் திறங்கள்.