காற்றை வழியவிடுதல்

கோடையில் ஒரிகன் மாநிலத்து ஹூட் ரிவர் நகரருகே கொலம்பியா ஆறு மேற்கே பாய, காற்றோ கிழக்கு நோக்கிச் சீறும். உள்நாட்டு வெம்மை குளிர்ந்த கடற்காற்றை அப்பள்ளத்தாக்கினூடே இழுப்பதே காரணம். அங்கே பாய்ப்பலகையேறும் புதியவன் காற்றைக் கைவலிமையால் வெல்ல முயல்கிறான். கைகள் விரைவிற் சோர்ந்துவிடும். கோதுமை ஏற்றிய வத்தைகள் செல்லும் ஆற்றிலே அது சிறு பிழையன்று.

பழகியவனோ கரையிலேயே சிறிய பாயைத் தேர்ந்து, அடிக்கயிற்றை வன்மையாக இழுத்துக் கட்டுகிறான். பாய்மரம் வளைகிறது, பாயின் வயிறு தட்டையாகிறது, மேற்பகுதியின் பின்விளிம்பு தளர்ந்து படபடக்கிறது. பார்ப்பவர்க்கு அது கட்டத் தெரியாதவன் கட்டிய பாய்! ஆயினும் வன்காற்று மோதுகையில் அத்தளர்ச்சியே மிகையை வழியவிடுகிறது. எஞ்சிய இழுவையை இடுப்புக் கொளுவியிலே தொங்கும் உடற்பாரம் ஏற்கிறது.

புதியவன் இதனை நம்புவதற்கு இன்னுமொரு முறை ஆற்றில் விழவேண்டியிருக்கிறது.